எழுபத்து நான்காவது சென்டிமீட்டர்

நகராட்சிக் கூடத்தின் மைக் இரண்டு முறை கீச்சிட்டு அடங்கியதும், பேராசிரியை மேசைமேல் சேற்றைக் கிடத்தினார்.

ஒன்றரை மீட்டர் நீளம். குழாயோடு சேர்த்து நீளவாக்கில் பிளந்து, கண்ணாடித் தாள் சுற்றிய சேறு. புதிய ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கியிருந்த தாழ்நிலத்தில், ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் புதைய இறங்கி அவரே எடுத்தது. அவருடைய செருப்பு ஒன்று இன்னமும் அங்கேதான் கிடக்கிறது.

முன் வரிசை ஓரத்தில் ஆய்வுக்கூட ஆப்பரேட்டர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். படங்களை மாற்றுவது அவர் வேலை.

திரையில் ஒரு கோடு ஓடியது. ஆற்றுச் சேற்றில் அரிதாகவும் கடற்சேற்றில் தாராளமாகவும் இருக்கும் புரோமினின் அளவு. மேலிருந்து சாதுவாக இறங்கி வந்த கோடு, எழுபத்து நான்காவது சென்டிமீட்டரில் எகிறிக் குதித்தது. பக்கத்திலேயே கந்தகத்தின் கோடும் அதே இடத்தில் குதித்தது.

"அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி, நீங்க பிரசவ வார்டு கட்டப்போற எடத்துல கடல் நின்னுருக்கு. வந்துட்டுப் போகல. ரெண்டு தலைமுறை குடியிருந்திருக்கு."

கூடம் கழுத்தை நீட்டி மேசையை எட்டிப் பார்த்தது. மூக்கால் முகர்ந்தால் வெறும் சேறு. அதிலிருந்து ஒரு கடலையே எழுப்பி உட்கார வைத்துவிட்டாரே!

அந்தக் குதியை முதலில் பார்த்தவர் ஆப்பரேட்டர்தான். சேற்றை அளக்கும் மெஷினில்தான் கோளாறு என்று அதைத் துடைத்து, மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே. மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் பேராசிரியையின் மேசைப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு, திட்டு வாங்கப்போகிறவர் மாதிரி கதவோரம் நின்றார்.

பேராசிரியை அதை வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் தோண்டச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு அவரே முன்னால் நடந்தார்.

அந்த இரண்டு இடங்களும் அதையேதான் சொல்லின.

இப்போது நகராட்சித் தலைவர் ஒரு பழைய அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். இருபத்தாறு வருடத்துக்கு முந்தையது. ஆயிரம் வருடமாகக் கடல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று அதில் அச்சாகியிருந்தது. அதை நம்பித்தான் பேருந்து நிலையம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, பாதி ஊர் வந்தது.

"அது தப்பு," என்றார் பேராசிரியை. "மூணே மூணு எடத்துல தோண்டியிருக்காங்க. மூணும் மேடு. ஜீப்பு போற எடமாப் பாத்துத் தோண்டுனா கடல் எப்படிக் கெடைக்கும்?"

கூடம் கொல்லென்று சிரித்தது. அவர் விடவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, தையல் பிரிப்பதைப் போல அறிக்கையைப் பிரித்துப் போட்டார். இங்கே அவசரம். இங்கே அனுமானம். இங்கே, சந்தேகம் வந்தும் திரும்பிப் போய்ப் பார்க்காத சோம்பல்.

ஆப்பரேட்டர் மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அறிக்கையின் அட்டையை முன்னும் பின்னும் திருப்பினார். நிறுவனத்தின் பெயர்தான் இருந்தது.

"இவ்ளோ அரைகுறையா எழுதுனது யாருங்க மேடம்? பேரக் கூடப் போடாம நழுவிட்டாரே!"

சிரிப்பு அடங்கும்வரை பேராசிரியை காத்திருந்தார்.

"நான்தாங்க."

பிறகு ஆப்பரேட்டர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த படம் போடுங்க தம்பி. ஆஸ்பத்திரிக்கு வேற எடம் பாத்து வச்சிருக்கேன். இந்தத் தடவை பதினோரு எடத்துல தோண்டியாச்சு."