அட்டையைத் தின்ற வெள்ளாடு

இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த கேட்டில் ஒரு நாய் காவல் நின்றது. அந்தப் பக்கம் குட்டி போட்டிருந்த தங்கச்சியைப் பார்க்க ஒரு வெள்ளாடு வந்தது.

"எங்கே, அடையாள அட்டையைக் காட்டு" என்றது நாய்.

"நாலு நாளா வரிசையில நிக்க வச்சுட்டீங்களே சார். பசி தாங்காம தின்னுட்டேன்."

"அட்டை இல்லாம விட முடியாது."

"வயித்துலதான் சார் இருக்கு. காலையில வந்துடும். மூணு நகலாவே தர்றேன்."

நாய் உறுமியது. அதற்குள் நாற்பது ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டது.

"அவங்ககிட்ட மட்டும் ஏன் சார் அட்டை கேக்கல?"

"அதெல்லாம் கறிக்குப் போகுது. உயிரோட திரும்பி வர்றவங்களுக்குத்தான் அட்டை."