துணைக்குப் போனவள்

"பல்லுவலின்னு தானே மாமிகிட்ட சொல்லிட்டு வந்த? பல்லுக்கு இங்க என்ன வேலை?"

கனகேஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். பெரியாஸ்பத்திரியில் மனநோய் பார்க்கும் டொக்டரின் அறைவாசல் அது. பின்னால் நின்றவள் மாக்ரெட், கொழும்பு கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டுக்காரி. வார்டில் கிடக்கும் தம்பிக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள். அவள் காதில் எது விழுந்தாலும் பொழுது படுவதற்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடும்.

"அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டு ஒரு வருஷமாகியும் அவளுக்கு நித்திரை இல்லை. தட்டு விழுந்தாலே உடம்பு நடுங்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். போன கிழமை குழந்தையைக் குளிப்பாட்டும்போது மனதில் வந்துபோன ஓர் எண்ணம் அவளையே பயமுறுத்திவிட்டது. அதனால்தான் பொய் சொல்லிவிட்டு வந்தாள்.

மாமியார் அறிந்தால் பைத்தியமென்று யாழ்ப்பாணத்துத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவா. குழந்தையைத் தரமாட்டா.

மாக்ரெட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள கூப்பிடுறாங்க. போ."

டொக்டர் அவசரப்படுத்தவில்லை. கனகேஸ்வரி அந்த எண்ணத்தையும் அழுதழுது சொல்லி முடித்தாள்.

"காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு வருத்தம்தான் அம்மா. சுகமாகும். ஆனால் கிழமைக்கொருக்கா வரவேணும்."

வெளியே வந்தபோது மாக்ரெட்டைக் காணவில்லை.

மாக்ரெட் தெருவில் என்ன சொல்லியிருப்பாளோ என்றே ட்ராமில் வரும் வழியெல்லாம் கனகேஸ்வரி நினைத்துக்கொண்டு வந்தாள். பயந்தபடியேதான் நடந்திருந்தது. வீட்டு வாசலில் மாமியும் மாக்ரெட்டும் நின்றார்கள். எதிர்வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ எல்லாம் சொல்லிப்போட்டா," என்றா மாமி. "ஏனடி எனக்கு ஒளிச்சனி?"

உள்ளே குழந்தை சிணுங்கியது.

"மாமி... நான்..."

"மாக்ரெட்டுக்கு மனம் சரியில்லையெண்டால் என்னட்டைச் சொல்ல வேண்டியதுதானே? இவவுக்குத் துணைக்குப் போறதுக்கு என்னத்துக்குப் பல்லுக்கொதியெண்டு பொய்? பாவம், தானே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு நிக்கிறா. இனியும் நீயே இவவைக் கூட்டிக்கொண்டு போ. பிள்ளையை நான் பாக்கிறன்."

கனகேஸ்வரி மாக்ரெட்டைப் பார்த்தாள்.

மாக்ரெட் எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி உரத்துக் கேட்டாள்:

"டொக்டர் என்னைத் திரும்ப எப்ப வரச் சொன்னாரு பிள்ளை? என் மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."