லிஃப்ட் பாட்டு

மேடையில் நர்ஸ் வேடம் போட்ட மீசைக்காரன் ஒருவன், நோயாளியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இல்லாத மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தான். இரண்டு படி ஏறினான், ஒரு படி இறங்கினான். "லிஃப்ட் சரியாகறதுக்குள்ள எனக்கே சரியாயிடும் தாயே" என்று நோயாளி மேலேயிருந்து இழுத்துப் பாட, பூங்காவே அதிர்ந்தது.

உருகுவேயின் தலைநகர் மொந்தெவிதேயோவில் கார்னிவல் மாதம். பேட்டைக்குப் பேட்டை மேடை போட்டு, முகத்தில் சாயம் பூசிய பாட்டுக்குழுக்கள் ஊர் நடப்பைக் கிண்டலடிக்கும். இந்த வருஷம் வில்சன் என்பவன் நடத்தும் குழு அரசு ஆஸ்பத்திரியைப் பிடித்துக்கொண்டது.

நிபியா அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு நர்ஸ். டியூட்டி முடிந்து, வெள்ளைச் செருப்பைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். கையிலிருந்த மாத்தே தேநீர் ஆறிப்போயிருந்தது. மேடையை அவள் அதிகம் பார்க்கவில்லை. சிரிக்கிறவர்களின் முகங்களையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டர் எச்செனிக்கே. ஆஸ்பத்திரியின் இயக்குநர். லிஃப்ட் நின்றுபோன நாளிலிருந்து நிபியா அவர் அறைக்கு நடையாய் நடந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம் என்பார், ஃபோனைக் கையில் எடுத்துக்கொள்வார். இப்போது மேடையில் ஒருவன் அவரைப் போலவே தொண்டையைச் செருமி, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று பாடியபோது, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நிபியா மேடைப் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

முரசு ஓங்கி ஒலித்து நின்றது. குழு வரிசையாக நின்று குனிந்து வணங்கியது. ஜனம் எழுந்து கைதட்டியது.

"இன்னும் முடியலையே" என்றாள் நிபியா.

"முடிஞ்சுபோச்சும்மா" என்றார் டாக்டர். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "நர்சுங்களைக் கிண்டல் பண்ணிட்டாங்கன்னு மனசுல வெச்சுக்காதீங்க நிபியா. வெறும் கார்னிவல்தானே? நான் கோவிச்சுக்கிட்டேனா பாருங்க."

சொல்லிவிட்டு, சாசேஜ் வைத்த ரொட்டி வாங்க வரிசையில் போய் நின்றுகொண்டார்.

நிபியா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் பின்பக்கம் போனாள். வில்சன் ஈரத்துண்டால் பாதிச் சாயத்தைத் துடைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றான். இந்த வருஷம் ஜனம் இப்படிச் சிரித்து எங்கேயும் பார்க்கவில்லை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் பேச விடவில்லை.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னாள். பேக்கரி வைத்திருந்த அன்செல்மோ, மூச்சுவிட முடியாமல் வந்தவர். அவளும் இன்னொரு நர்ஸும் அவரை அப்படித்தான் தூக்கிப் போனார்கள். படி திரும்புகிற இடத்தில் அவர் கை அவள் தோளிலிருந்து நழுவியது. இறக்கிக் கிடத்தி நெஞ்சை அழுத்தக்கூட அங்கே இடம் இல்லை. அவர் மகள் மேலே வார்டில் படுக்கையைத் தட்டிப் போட்டுக் காத்திருந்தாள்.

"இதெல்லாம் உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா." வில்சன் துண்டைப் பிசைந்தான். "சாவைப் பாடினா ஜனம் எழுந்து போயிடும். அதான் சிரிப்போட நிறுத்திட்டேன்."

நிபியா அவன் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள்.

"அந்தச் சாவை அவங்க கேக்கணும்னுதான்டா மத்ததையெல்லாம் சிரிப்பா எழுதிக் கொடுத்தேன்."