ஊர் வாய் மூடும் நேரம்

"அடுத்த மாசத்துலேர்ந்து எல்லாரும் தலைமை ஆபீசுக்கு வந்தாகணும். முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கிறோம்" என்றார் ரூல்ஸ்.

ரூல்ஸ் என்பது எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர்.

லேப்டாப் திரையில் அவர் முகம். முதுகுக்குப் பின்னால் தலைமை ஆபீசின் கண்ணாடிச் சுவர், மூலையில் ஒரு தொட்டிச் செடி. என் ஜன்னலோரச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே நிற்கிறது. அவர் செடியில் ஒரு இலை வாடி நான் பார்த்ததில்லை. அந்த மனுஷனுக்குச் செடிகூடப் பயப்படுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். அவரவர் வீட்டிலிருந்து அவரவர் தலையாட்டினார்கள்.



மாட்டேன் என்றால் வேலை போகும். வருகிறேன் என்றால் இந்த ஊர் போகும்.

என்ன ஊர் தெரியுமா! ஆற்றங்கரையில் கையகல ஊர். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்தான். ஆனால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு அழலாம். எதிர் பால்கனியில் ஆடிட்டர் அக்கா, இடுப்புக்கு மேலே கோட்டு, கீழே பூப்போட்ட பைஜாமா. மேல்மாடியில் கணக்கு டீச்சர், எங்கோ கடல் தாண்டி இருக்கும் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மறந்துபோனதெல்லாம் திரும்ப வந்துவிட்டது.

பழைய ஊரில் நான் பஸ்ஸில் பிதுங்கி வீடு வந்து சேர்வதற்குள் என் மகள் தூங்கிப்போயிருப்பாள். விழித்திருக்கும் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பேன். இங்கே பள்ளி விட்டதும் ஆற்றோரமாக நடந்தே வருகிறாள். மீட்டிங் என்று தெரிந்தால் சத்தம் காட்டாமல் மேஜைக்குக் கீழே புகுந்து என் மடியில் தலைவைத்துக்கொள்வாள்.

இப்போதும் அப்படித்தான் படுத்திருந்தாள்.

எங்கே இருந்து வேலை பார்க்கிறாய் என்று ஆபீசில் யாரும் கேட்டதில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வேலை ஒழுங்காக நடந்தது, அவ்வளவுதான்.

இந்த ஊருக்கென்று ஒரு பழக்கம் உண்டு.

அக்கரைக்குப் போகும் படகு கிளம்பும்போது முதலில் குட்டியாக ஒரு தடவை ஊதும். அப்புறம் நீளமாக, காது கிழிய. அந்தக் குட்டிச் சத்தம் கேட்டதுமே ஊரில் மீட்டிங்கில் இருக்கிற அத்தனை பேரும் மைக்கை அணைத்துவிடுவோம். சத்தம் ஓயும்வரை பேச வழியில்லையே, அதனால் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படகுக்குக் கை காட்டுவோம். படகோட்டி தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். யார் ஆரம்பித்ததோ தெரியாது, இப்போது கை தானாகவே எழுகிறது.

"ஊர் வாயை ஒரு படகு வந்து மூடுது பாருங்க" என்று கீழே டீக்கடைக்காரர் சிரிப்பார்.

எனக்கு முந்தைய ஆளும் தலையாட்டிவிட்டார். அடுத்தது நான்.

ரூல்ஸ் தொண்டையைச் செருமினார். "ஆபீஸ்னா ஆபீஸ்தான். நான் தினமும் இங்க வந்து உட்காரலையா? உங்களுக்கு மட்டும் என்ன..."

ஆற்றில் படகு குட்டியாக ஊதியது.

நான் மைக்கை அணைத்தேன். திரையைப் பார்த்தேன்.

ரூல்ஸும் மைக்கை அணைத்திருந்தார். பாதி வாக்கியத்தில்.

மற்றவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். வெளியே படகு நீளமாக ஊத ஆரம்பித்தது. ஆடிட்டர் அக்கா கை காட்டியிருப்பார். இந்தத் தடவை நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

திரையில் ரூல்ஸ் பக்கவாட்டில் திரும்பினார். முகம் மலர்ந்தது. இத்தனை காலத்தில் அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம் அவர் கை மெல்ல எழுந்து அசைந்தது.

விரல்களைச் சுற்றி, முதுகுக்குப் பின்னால் அவர் போட்டுவைத்திருந்த ஆபீஸ் படம் கிழிந்தது. கண்ணாடிச் சுவரில் ஓட்டை விழுந்தது. செடியில் பாதி காணாமல் போய், அந்த இடத்தில் கொடியில் காயும் ஒரு துண்டு தெரிந்தது.

அடப்பாவி மனுஷா!

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது, என்னைப்போல இந்த ஊர் பிடித்துப்போய் இங்கே இருப்பவர் ஆயிற்றே. மடியில் இருந்தவள் நிமிர்ந்து என்னம்மா என்று சைகையில் கேட்டாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

சத்தம் ஓய்ந்தது. அவர் கையை இறக்கினார். செடி முழுசாகத் திரும்பி வந்தது. முகமும் பழைய முகமாயிற்று.

"நீங்க சொல்லுங்கம்மா. வர்றீங்களா, இல்லையா?"

மைக்கைப் போட்டேன்.

"வர்றேன் சார். எந்தக் கரைக்கு வரணும்?"

ரூல்ஸ் மறுபடியும் மைக்கை அணைத்தார்.

ஆற்றில் படகு எதுவும் இல்லை.