டேப்பில் கேட்ட விசும்பல்

டேப்பில் பாடிய அம்மா தஹானியோடு ஒட்டவே மாட்டேன் என்றாள்.

காலையிலிருந்து ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கும் வஹ்பியும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டான். பழைய கேசட்டின் இரைச்சலில் கொஞ்சம் எடுத்து, நேற்று கம்ப்யூட்டரில் பதிந்த தஹானியின் குரலுக்கு அடியில் பரப்பினான். அவள் குரலின் பளபளப்பைக் குறைத்தான். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பாடியது போல் ஆகிவிட்டது. சுருதிதான் சேரவில்லை.

அலெக்ஸாண்ட்ரியாவில் பாதிக் கல்யாணங்களில் பாடியவள் தஹானி. ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தன்னை ஆறு மாதக் குழந்தையாக விட்டுவிட்டு இறந்துபோன அம்மாவோடு சேர்ந்து ஒரு தாலாட்டு.

அம்மாவென்று மிஞ்சியது இந்த கேசட் மட்டும்தான்.

ஒவ்வொரு அடியின் முடிவிலும் சின்னதாக ஒரு விசும்பல் கேட்கும். சாகப்போவது தெரிந்து அழுதிருக்கிறாள், பாவம். அதை நினைத்து நினைத்தே தஹானி வளர்ந்தாள்.

ஏழு வயதில் ஒருநாள் கேட்டாள். "இது பாடுறது அம்மாவாப்பா?"

டிராம் ஓட்டப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பா, கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அம்மா போய் வருஷம் திரும்புவதற்குள் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்ட மனுஷன், வேறென்ன சொல்வார்?

வீட்டை விட்டு வந்த பிறகு அவரோடு தஹானி பேசவே இல்லை. சாவுக்கும் போகவில்லை. இன்று அவருடைய நாற்பதாம் நாள். அத்தை வீட்டில் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார்கள். வேண்டுமென்றேதான் இன்றைக்கு ஸ்டுடியோவை எடுத்திருந்தாள். பைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"அக்கா, மாட்டிக்கிச்சு!" வஹ்பி நாற்காலியிலிருந்து துள்ளினான்.

பாட்டுக்குப் பின்னால், வீட்டில் எங்கோ ரேடியோ மணி சொல்லும் பீப் ஒலி. அதுவும் கீச்சென்று கேட்டது.

"ரேடியோ பீப்போட சுருதி மாறவே மாறாது. நம்ம ஊர்ல மாறாதது அது ஒண்ணுதான். பேட்டரி தீர்ற நேரத்துல பதிஞ்சிருக்காங்கக்கா. அன்னிக்கு மெதுவா ஓடின டேப்பு, நல்ல மிஷின்ல போட்டா வேகமா ஓடுது. குரல் மேல ஏறிப்போச்சு. இருங்க, இறக்குறேன்."

பீப் சரியாகும்வரை இறக்கினான்.

தாலாட்டு நிதானமானது. குரல் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. தஹானி ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடி முடிந்தது. விசும்பல் வர வேண்டிய இடத்தில் ஓர் இருமல் வந்தது.

சிகரெட் இருமல். விடிவதற்குள் டிராம் கொட்டடிக்குக் கிளம்பும்போது, மாடிப்படி முழுக்கக் கேட்கும் இருமல்.

"என்னக்கா இது, ஆம்பளைக் குரலா இருக்கு?"

தஹானி வாய்விட்டு அழுதாள். வஹ்பி பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"வந்துட்டிருக்கேன் அத்தை."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பழையபடியே ஏத்திடு வஹ்பி. என் குரலையும் கூடவே ஏத்து. சேர்ந்துடும்."

"அது சேர்ந்துடும். பாடினது யாருன்னு போடட்டும்?"

கதவைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா பேரையே போடு. அப்பா தலையாட்டிட்டார்."