உடலைப் பெற்றுக்கொண்டவர்

இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் நாற்பது பைசா. மனைவி மிக்கேலம்மாளின் வயிற்று ஆபரேஷன் வகையில் சவுரியப்பன் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தர வேண்டிய பாக்கி அது.

பணம் இல்லாதவன் விறகு பிளந்து கழிக்கலாம். நாளுக்கு ஆறு ரூபாய். காலையில் வந்து சாயங்காலம் ஊருக்குப் போய்விடலாம். ஆஸ்பத்திரியை நடத்திய கன்னியாஸ்திரீ மதர் இருந்தவரை அதுதான் அங்கே வழக்கம்.

ஒன்றாம் தேதி மதர் மாற்றலாகிப் போனார். பெங்களூரில் ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்த அல்போன்ஸ் சார் வந்தார். கூடவே நாற்பது பக்கத்தில் ஒரு விதிப் புத்தகமும் வந்தது.

ஆறாம் தேதி கோடாலியோடு வந்த சவுரியப்பனை வாட்ச்மேன் பெரியண்ணன் கேட்டிலேயே மறித்தான். இனிமேல் உள்ளே இருக்கிறவர் ஊழியராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை பார்வையாளராக இருந்துவிட்டுப் போக வேண்டும்.

“நீ இதுல எது?”

“கடன்காரன்.”

“அதுக்குன்னு தனி நோட்டு போடலியேப்பா.”

அல்போன்ஸ் கெட்ட மனிதர் இல்லை. அரைமணி நேரம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, சவுரியப்பனை நோயாளியாகச் சேர்த்துக்கொண்டார். நோயாளி என்றால் நோய் வேண்டும். விறகு பிளக்கிறவனுக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்குமா? அதையே எழுதினார்கள். ஆண்கள் வார்டில் ஏழாம் நம்பர் கட்டில்.

டாக்டர் வந்து பார்த்தார். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

அதனால் டாக்டர் இல்லாத நேரம் பார்த்துத்தான் சவுரியப்பன் விறகுக் குவியலுக்குப் போனான். நர்ஸ் ராஜாமணி தெர்மாமீட்டரோடு அங்கேயே தேடிக்கொண்டு வருவாள்.

“வாயில இத வச்சிக்கிட்டுக் கோடாலிய ஓங்காதண்ணா. ஒடஞ்சா அதுக்கும் பில்லு போட்டுடுவாங்க.”

விறகுக் கூலி ஆறு ரூபாய் வரவு. கட்டில் வாடகை நாலு, சாப்பாடு இரண்டரை, இடுப்பு ஊசி ஒன்றரை, ஆக எட்டு ரூபாய் பற்று. நாற்பது வயதுக்கு மேல் முதியோர் கல்வியில் எழுத்தும் கணக்கும் பழகியவன் சவுரியப்பன். தன் கணக்கின் மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. சுவரில் கரியால் மூன்று தடவை போட்டுப் பார்த்தான். மூன்று தடவையும் கடன் நாளுக்கு இரண்டு ரூபாய் ஏறித்தான் இருந்தது.

பதினெட்டு நாள் வேலை செய்து முடித்தபோது பாக்கி இருநூற்று நாற்பத்தெட்டு ரூபாய் நாற்பது பைசா.

அதுகூடப் பெரிதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊர் மாதா கோயிலில் ஒரு பூசை. அதற்கு அவன் போயே ஆக வேண்டும். பாக்கி உள்ள நோயாளியை வெளியே விடக் கூடாது என்று விதி. சுவர் ஏறிக் குதித்து ஓடலாம். கடனுக்கு ஓடியவன் என்று சாமியார் காதில் விழுந்தால், பூசையில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு முட்டி போடுவது?

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசுக்கே போய் நின்றான்.

“சார், ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் வூட்டுக்குப் போவணுங்க.”

அல்போன்ஸ் முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

“வெளிய போறதுக்கு இதுல ரெண்டே வழிதாங்க. ஒண்ணு, பணம் கட்டணும். இன்னொண்ணு, சாவணும். செத்துட்டா பாக்கிய தர்மக் கணக்குல தள்ளிடலாம்.”

சவுரியப்பன் யோசித்தான். சாயங்காலம் ஊருக்குப் போகிற மாரண்டஹள்ளி பஸ்ஸைப் பிடித்தால் போதும்.

“இன்னிக்குப் பொழுதுக்குள்ள ஆவுங்களா சார்?”

அல்போன்ஸ் மரணப் பதிவேட்டை எடுத்தார். சவுரியப்பன், வயது நாற்பத்தைந்து. நேரம் பதினொன்று இருபது. காரணம், இடுப்பு வலி.

“இடுப்பு வலியில யாருங்க சார் செத்தாங்க?” என்றாள் தெர்மாமீட்டரோடு அங்கேயும் தேடி வந்த ராஜாமணி.

“நீ சும்மா இரும்மா.”

அடுத்த கட்டம், உடலைப் பெற்றுக்கொண்டவர். அதற்கு யாராவது ஊரிலிருந்து வர வேண்டும்.

“எதுக்குங்க அதுக்குன்னு ஊர்ல இருந்து ஆள வரச் சொல்லிக்கிட்டு? நானே எடுத்துக்கிட்டுப் போறேன்.”

பேனாவை வாங்கிப் பெரிய பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டான். மிச்சம் ஒரு கட்டம் இருந்தது. உறவு.

தன் உடலைத் தானே வாங்கிக்கொள்கிறவனுக்கு என்ன உறவு என்று விதிப் புத்தகத்தில் இல்லை. அல்போன்ஸ் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தேட ஆரம்பித்தார்.

சவுரியப்பன் பதிவேட்டைப் பின்னால் இரண்டு தாள் புரட்டினான். அங்கேயும் அவனுடைய பெரிய எழுத்துத்தான். மிக்கேலம்மாள், வயது முப்பத்தெட்டு. உடலைப் பெற்றுக்கொண்டவர், சவுரியப்பன். உறவு, கணவன்.

அதன்மேல் விரலை வைத்தான்.

“இவ பாக்கிய மட்டும் ஏங்க சார் தள்ளல?”

அல்போன்ஸ் எட்டித் தேதியைப் பார்த்தார்.

“இவங்க போன மாசம் இருபத்தேழுங்க. ரூலு ஒண்ணாந்தேதியில இருந்துதான்.” விரல் விட்டு எண்ணிவிட்டு, “நாலு நாள் முந்திட்டாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முப்பதாம் நாள் பூசை.

சவுரியப்பன் தாளைத் திருப்பித் தன் பக்கத்துக்கு வந்தான். காலியாக இருந்த கட்டத்தில், யாரையும் கேட்காமல், ‘கணவன்’ என்றே எழுதினான்.

அல்போன்ஸ் அதைப் படித்தார். திருத்தச் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்து, இருநூற்று நாற்பத்தெட்டு ரூபாய் நாற்பது பைசாவின் மேல் ஒரு கோடு இழுத்தார்.