மூன்றாவது லேட்டு

"மூணாவது லேட்டு விழுந்துச்சுன்னா என் சோலி முடிஞ்சுதுல தளவாய்!" என்றான் வேல்ராஜ், பாயில் மல்லாந்தபடியே.

கார் கம்பெனியில் அவனுடைய இரண்டு வருட டிரெயினிங் மறுநாளோடு முடிகிறது. காலையில் வேலை நிரந்தரம் என்று கன்ஃபர்மேஷன் லெட்டர் கொடுப்பார்கள். ஆறு மணி ஷிப்ட்டுக்கு ஆறு ஒன்றுக்குப் போனாலும் லேட்டு. மூன்று லேட்டுக்கு லெட்டர் கிடையாது, நேரே ஊருக்கு பஸ்தான். அவன் கணக்கில் ஏற்கெனவே இரண்டு இருந்தன. கம்பெனி பஸ் அவர்கள் தங்கியிருந்த மண்ணூருக்குள் வராது. சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரம் ஆகும். வேல்ராஜின் தூக்கமோ கும்பகர்ணனுக்கே வகுப்பெடுக்கும்.

அதனால்தான் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் மலிவாக ஒரு எஞ்சின் கிட் வாங்கி வந்திருந்தான். சைக்கிளின் பின் டயர்மேல் உட்கார்ந்து, டயரை உரசி உரசியே ஓட்டுகிற குட்டி எஞ்சின்.

"புக்குல இங்கிலீஷ் கூட இல்லியேல. பூராவும் சீனாக்காரன் எழுத்து" என்று தலையைச் சொறிந்தான் அருள்பாண்டி.

"தெனம் எரநூறு கார் வெளிய அனுப்புதோம். ஒரு ஓட்டை சைக்கிளுக்குப் புக்கு வேணுமாக்கும்! லைன்ல செய்யுத மாதிரி செய்ங்கல. அவனவன் வேலைய அவனவன் பாருங்க. முடிஞ்சதும் என்னை எழுப்புங்க" என்று திரும்பிப் படுத்தான் வேல்ராஜ்.

மூன்று பேரும் ஒரே கம்பெனி, ஒரே அறை. லைனில் நகர்ந்து வருகிற காருக்கு ஸ்டேஷனுக்கு ஒரு வேலை. தளவாய்க்கு எஞ்சின் மாட்டுகிற வேலை. அருள்பாண்டிக்கு ஒயரிங். தளவாய் எஞ்சினைத் தூக்கி வைத்து நாலு போல்ட்டையும் முறுக்கினான். ஆக்சிலேட்டரை மாட்ட இடம் போதவில்லை. கைப்பிடிக்குக் கீழே இடைஞ்சலாக இருந்த கம்பிகளைக் கழற்றிப் பாய்க்கு அடியில் தள்ளினான்.

"என் ஸ்டேஷன் முடிஞ்சுது. மிச்சத்தை அடுத்த ஸ்டேஷன்காரன் பாத்துக்கிடுவான்."

அருள்பாண்டி சிவப்பு ஒயரை மாட்டினான், மஞ்சளை மாட்டினான். கறுப்பு ஒன்று மிஞ்சியது. அழகாகச் சுருட்டி டேப் ஒட்டினான்.

"இது நம்ம ஸ்டேஷன் இல்ல. அடுத்தாள் பாத்துக்கிடுவான்."

அந்த அறையில் மூன்று பாயும் ஒரு ஸ்டவ்வும் இருந்தன. அடுத்த ஸ்டேஷன் மட்டும் இல்லை.

வேல்ராஜ் எழுந்து வந்தான். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றினான். மணியை அடித்துப் பார்த்தான்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்காண்டாமால?" என்றான் தளவாய்.

"இப்ப சத்தம் போட்டா ஹவுஸ் ஓனர் கத்துவாரு. அதெல்லாம் ஓடும்ல!"

அருள்பாண்டி எஞ்சினுக்குச் சந்தனம் வைத்தான். தளவாய் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். வேல்ராஜ் தன் பங்குக்குச் சட்டைப் பையிலிருந்து வட்டமாக ஒரு பச்சை ஸ்டிக்கரை எடுத்துக் கைப்பிடியில் ஒட்டினான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

காலை ஐந்து இருபதுக்குக் கிளம்பினான். அடேயப்பா, என்ன வேகம்! ஐந்து முப்பத்தைந்துக்குக் கம்பெனி கேட் தெரிந்துவிட்டது. லெட்டர் கைக்கு வந்த மாதிரியே சிரித்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்தான்.

பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டரோ முறுக்கின இடத்திலேயே சிக்கிக்கொண்டது. ஆஃப் சுவிட்சை அமுக்கினான். எஞ்சின் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இன்னாபா, கேட்டு இங்க கீது! நீ எங்க போற?" என்று கத்தினார் செக்யூரிட்டி தேவராஜன்.

"நிக்க மாட்டேங்குதுண்ணே!"

சாலை முனை வரை போய் வளைந்து திரும்பி வந்தான். கேட்டைக் கடந்தான். மறுபடி வந்தான். மறுபடி கடந்தான். சேஃப்டி ஷூவைத் தரையில் தேய்த்துப் பார்த்ததில் ஷூதான் தேய்ந்தது. பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் கைதட்டினார்கள். ஆறு மணிக்குச் சங்கு ஊதியபோது ஒன்பதாவது தடவையாகக் கேட்டைக் கடந்துகொண்டிருந்தான். அழுகை வந்துவிட்டது.

ஆறு பத்துக்கு பெட்ரோல் தீர்ந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவனை, லெட்டர் கொடுக்கவென்றே சீக்கிரம் வந்திருந்த அதிகாரி ஏலவார்குழலி கேட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"மூணாவது லேட், வேல்ராஜ்."

"மேடம், இந்தப் புள்ள அஞ்சு முப்பத்தஞ்சுக்கே வந்துட்ச்சு" என்று குறுக்கே வந்தார் தேவராஜன். "நானே பாத்தேன். ஒம்போது வாட்டி வந்துச்சு. நிக்கத்தான் முடில. பாவம் மேடம்!"

ஏலவார்குழலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏம்ப்பா, இத நீங்களே மாட்டினீங்களா?"

"ஆமா மேடம். தளவாய் எஞ்சின் மாட்டினான், அருள்பாண்டி ஒயரிங். பிரேக்கைக் கழத்திட்டு, அடுத்த ஸ்டேஷன்ல மாட்டுவாங்கன்னு தளவாய் விட்டுட்டான். அவனுவளாலதான் மேடம் எல்லாம்! நான் நேரத்துக்கு வந்தேன் மேடம், சத்தியமா!"

"சரி சரி, அழாத. வந்த நேரத்துக்கு செக்யூரிட்டியே சாட்சி சொல்றாரு. இந்த லேட்டை விட்டுடலாம்."

வேல்ராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். ஏலவார்குழலி ஃபைலிலிருந்து லெட்டரை உருவினார். உருவியவரின் பார்வை சைக்கிள் கைப்பிடியில் நின்றது.

"இது செக் பண்ணி முடிச்சதும் ஒட்டற நம்ம கம்பெனி ஓகே ஸ்டிக்கராச்சே. நாற்பத்தேழாம் நம்பர்… யாரோடது?"

வேல்ராஜ் அவசரமாக ஸ்டிக்கரை உள்ளங்கையால் மூடினான்.

ஏலவார்குழலி கையிலிருந்த லெட்டரைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாக ஃபைலுக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

அதில் வேல்ராஜ் பெயருக்குக் கீழே அச்சடித்திருந்தது: 'பணி: பிரேக் பரிசோதகர், கடைசி ஸ்டேஷன். ஸ்டிக்கர் எண் 47.'